வண்டியின் புகை என்ன சொல்கிறது?

பால்காரரின் பழைய ஸ்கூட்டர். காய்கறி ஏற்றும் டெம்போ. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆட்டோ. வாடகைக்கு ஓடும் பழைய கார். இப்படி எத்தனையோ பழைய வண்டிகள் நம் நாட்டுச் சாலைகளில் ஓடுகின்றன. பல குடும்பங்களுக்கு அந்த வண்டிதான் சோறு போடுகிறது.

இந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. அதுதான் புகைச் சோதனை. "வண்டி பழசாச்சே, தேறுமா?" என்று கவலைப்படுகிறார்கள். சிலர் சோதனைக்கே போவதில்லை. இன்னும் சிலர் வண்டியைக் காட்டாமலே பணம் கொடுத்துச் சான்று வாங்கிவிடுகிறார்கள்.

இரண்டுமே நட்டம்தான். எப்படி?

சோதனை முடிந்ததும் ஒரு சீட்டு தருவார்கள். அதில் சில எண்கள் இருக்கும். அந்த எண்கள் வண்டியின் உடல்நிலையைச் சொல்கின்றன. எஞ்சினில் எங்கே பழுது என்று காட்டிக் கொடுக்கின்றன. பெட்ரோல் எவ்வளவு வீணாகிறது என்றும் சொல்கின்றன. நாம் எழுத்தும் எண்ணும் கற்றவர்கள். அந்தச் சீட்டைப் படிக்க நம்மால் முடியும். எப்படிப் படிப்பது? வாருங்கள், பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனங்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் 1989இல் மத்திய அரசு விதிகளை வகுத்தது. அந்த விதிகள் நாடு முழுவதற்கும் பொது.

வண்டியைப் பதிவு செய்து ஓர் ஆண்டு ஆகிவிட்டால், அதற்குப் புகைச் சான்று இருக்க வேண்டும். இதைப் பலர் 'பொல்யூஷன் சர்டிபிகேட்' என்பார்கள். 'பி.யூ.சி.' என்றும் சொல்வார்கள். இரு சக்கர வண்டிக்கும் வேண்டும். ஆட்டோ, கார், லாரி, பஸ்ஸுக்கும் வேண்டும். கேஸில் ஓடும் வண்டிக்கும் வேண்டும். பேட்டரியில் ஓடும் வண்டிக்கு மட்டும் வேண்டாம். அதற்குப் புகைக்குழாயே கிடையாது.

பழைய வண்டிகளுக்கு இந்தச் சான்று 6 மாதம் செல்லும். பி.எஸ். 4, பி.எஸ். 6 என்ற புதிய தர வண்டிகளுக்கு ஓர் ஆண்டு செல்லும். பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ். வண்டி எவ்வளவு புகை விடலாம் என்று அரசு வகுத்த படிகள் அவை. பி.எஸ். 4 நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் வந்தது. பி.எஸ். 6, 2020 ஏப்ரலில் வந்தது. உங்கள் சான்று எந்த நாளில் முடிகிறது என்று சான்றிலேயே அச்சிட்டிருக்கும். அந்த நாளைக் குறித்து வையுங்கள்.

ஓர் ஊரில் வாங்கிய சான்று நாடு முழுவதும் செல்லும். சென்னையில் வாங்கிய சான்றைப் புனேயிலும் காட்டலாம்.

சான்று இல்லாமல் ஓட்டினால் தண்டனை உண்டு. 2019 செப்டம்பரில் தண்டனை கடுமையானது. 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 3 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தை 3 மாதம் முடக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவருக்கு உரிமம் போனால் கஞ்சிக்கு வழி ஏது?

புகை எப்படி உண்டாகிறது?

விறகு அடுப்பை நினைத்துப் பாருங்கள். காற்று நன்றாகக் கிடைத்தால் விறகு கொழுந்துவிட்டு எரியும். புகை குறைவாக இருக்கும். அடுப்பு வாயை அடைத்துவிட்டால்? விறகு புகையும், கண் எரியும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். விறகு தீர்ந்துவிடும், சோறு வேகாது.

எஞ்சினும் ஓர் அடுப்புதான். விறகுக்குப் பதில் பெட்ரோல் அல்லது டீசல் எரிகிறது. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கு சரியாக இருந்தால் வண்டி நன்றாக இழுக்கும். புகை குறையும். கணக்கு தவறினால் எரிபொருள் அரைகுறையாக எரியும். மிச்சம் புகையாக வெளியே போகும்.

நாம் பங்கில் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான் அப்படிப் போகிறது.

புகையில் என்ன இருக்கிறது?

புகைச் சோதனையில் முக்கியமாக மூன்று பொருள்களைப் பார்க்கிறார்கள்.

முதலாவது, கார்பன் மோனாக்சைடு. சீட்டில் இது 'சி.ஓ.' என்று இருக்கும். பெட்ரோல் பாதி எரிந்தால் இது உண்டாகும். இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இது நஞ்சு. நம் ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமந்து உடல் எங்கும் கொண்டு செல்கிறது. இந்த வாயு ரத்தத்தில் மூச்சுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலை வலிக்கும், மயக்கம் வரும். மூடிய கொட்டகையில் வண்டியை ஓடவிட்டால் உயிரே போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு ஒருபோதும் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

இதில் காசு நட்டமும் உண்டு. பெட்ரோலில் உள்ள கரி முழுதாக எரிந்தால் நல்ல வெப்பம் கிடைக்கும். அதே கரி பாதி எரிந்து இந்த வாயுவாகப் போனால், அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை.

இரண்டாவது, ஹைட்ரோகார்பன். சீட்டில் 'ஹெச்.சி.' என்று இருக்கும். இது எரியாமலே வெளியே போகும் பெட்ரோலும் எண்ணெயும். சில வண்டிகளுக்குப் பின்னால் நின்றால் பச்சைப் பெட்ரோல் வாடை வரும். அது இதுதான்.

மூன்றாவது, கரிப்புகை. டீசல் வண்டியில் இதைப் பார்க்கிறார்கள். மிக நுண்ணிய கரித்தூள் இது. மூச்சோடு நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது.

இந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? வண்டி ஓட்டுகிறவர். அடுத்து, வண்டியில் வரும் பிள்ளைகள். பிறகு சாலையோரம் கடை போட்டிருப்பவர்கள். பெரும்பாலும் நம்மவர்கள்தான்.

சோதனை எப்படி நடக்கிறது?

மாநிலப் போக்குவரத்துத் துறை அனுமதி கொடுத்த இடங்களில் மட்டும் சோதனை நடக்கும். பல பெட்ரோல் பங்குகளில் இந்த நிலையம் உண்டு. சோதனைக் கருவி பொருத்திய வேன்களும் உண்டு. கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்கிறது. கட்டணப் பட்டியல் நிலையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

பெட்ரோல் வண்டிக்குச் சோதனை எளிது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடுவார்கள். சைலன்சர் குழாய்க்குள் ஒரு நீண்ட கம்பிக்குழலை விடுவார்கள். அது ஒரு முழத்தில் பாதிக்கு மேல் உள்ளே போக வேண்டும். வாயில் மட்டும் வைத்தால் வெளிக்காற்று கலந்து எண் தவறிவிடும். கருவி புகையை உறிஞ்சி அளக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

டீசல் வண்டிக்குச் சோதனை வேறு விதம். கியர் போடாமல் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து விடுவார்கள். இப்படிப் பலமுறை செய்து சராசரி எடுப்பார்கள். கருவிக்குள் புகையின் ஊடே விளக்கொளி பாயும். எவ்வளவு ஒளியைப் புகை மறைக்கிறது என்று கருவி அளக்கும். டீசல் எஞ்சின் சூடாகாமல் இப்படி மிதித்தால் எஞ்சினுக்குக் கேடு. டைமிங் பெல்ட் பழசாக இருந்தாலும் ஆபத்து. அதனால் போகும் முன் எண்ணெய் அளவையும் பெல்ட்டையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

வண்டி எண் தெரியும்படி நிலையத்தில் படமும் எடுப்பார்கள்.

சீட்டைப் படிப்போம்

சீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, சட்டம் அனுமதிக்கும் அளவு. இன்னொன்று, உங்கள் வண்டியில் கண்ட அளவு. கண்ட அளவு அனுமதித்த அளவுக்குள் இருந்தால் வண்டி தேறியது. கூடினால் தேறவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

அனுமதித்த அளவு எல்லா வண்டிக்கும் ஒன்றில்லை. பழைய வண்டிக்குச் சட்டம் சற்று இரக்கம் காட்டுகிறது. இதைப் பலர் அறியமாட்டார்கள். புது வண்டிக்கு உள்ள அளவில் பழைய வண்டியை நிறுத்தினால் அது எப்படித் தேறும்? உங்கள் வண்டியின் அளவுகள் இதோ.

2000 மார்ச் 31 வரை தயாரான பெட்ரோல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள்: சி.ஓ. 4.5 விழுக்காடு. ஹெச்.சி. 9000 பி.பி.எம்.

அதற்குப் பின் தயாரான 2 ஸ்ட்ரோக் பெட்ரோல் வண்டிகள்: சி.ஓ. 3.5 விழுக்காடு. ஹெச்.சி. 6000 பி.பி.எம்.

அதற்குப் பின் தயாரான 4 ஸ்ட்ரோக் பெட்ரோல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள்: சி.ஓ. 3.5 விழுக்காடு. ஹெச்.சி. 4500 பி.பி.எம். பி.எஸ். 4 முதல் அளவு இன்னும் குறைவு.

பி.எஸ். 2க்கு முந்திய பெட்ரோல் கார்கள்: சி.ஓ. 3 விழுக்காடு. ஹெச்.சி. 1500 பி.பி.எம்.

பி.எஸ். 2, பி.எஸ். 3 பெட்ரோல் கார்கள்: சி.ஓ. 0.5 விழுக்காடு. ஹெச்.சி. 750 பி.பி.எம்.

பி.எஸ். 4க்கு முந்திய டீசல் வண்டிகள்: புகை அளவு 2.45. இதையே ஹார்ட்ரிட்ஜ் அளவில் 65 என்பார்கள். அந்த அளவில் 0 என்றால் புகையே இல்லை. 100 என்றால் ஒளி துளியும் புகாத கருமை.

விழுக்காடு நமக்குத் தெரியும். நூற்றில் எத்தனை பங்கு என்பதே விழுக்காடு. பி.பி.எம். என்றால் என்ன? பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று பொருள். 9000 பி.பி.எம். என்றால் பத்து லட்சம் பங்குப் புகையில் 9000 பங்கு. ஆயிரத்தில் 9 பங்கு என்றும் சொல்லலாம்.

சோதனைக்கு முன் உங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வண்டி தயாரான மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். நிலையத்தில் அந்த ஆண்டைச் சரியாகப் பதிகிறார்களா என்றும் பாருங்கள். ஆண்டு தவறினால் அளவும் தவறிவிடும்.

எந்த எண் கூடினால் எங்கே பழுது?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 1999இல் தயாரான ஒரு ஸ்கூட்டர். சீட்டில் சி.ஓ. 5.8 என்று இருக்கிறது. ஹெச்.சி. 6000 என்று இருக்கிறது. அனுமதி 4.5, 9000. இங்கே சி.ஓ. மட்டும் கூடுதல்.

அப்படியென்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது காற்று போதவில்லை. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். தூசி அடைத்திருக்கும். அடுத்து சோக் முழுதாக மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கார்புரேட்டரை மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழுவிச் சரிசெய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் இவ்வளவில் எண் இறங்கிவிடும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. 2004இல் தயாரான 2 ஸ்ட்ரோக் ஆட்டோ. சி.ஓ. 2.8. ஹெச்.சி. 7500. அனுமதி 3.5, 6000. இங்கே ஹெச்.சி. கூடுதல்.

அப்படியென்றால் பெட்ரோல் பற்றாமலே வெளியே போகிறது. ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம். பொறி சரியாக விழாமல் இருக்கலாம். ஆயில் அளவுக்கு மேல் கலந்திருக்கலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பிளக்கில் தொடங்குங்கள். அதுதான் செலவு குறைந்த வேலை.

இரண்டு எண்ணும் கூடினால் ஏர் ஃபில்டர், பிளக், கார்புரேட்டர் மூன்றையும் பாருங்கள். 2000க்குப் பின் வந்த கார்களில் சைலன்சருக்கு முன்னால் ஒரு பெட்டி இருக்கும். அதற்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று பெயர். நஞ்சு வாயுக்களை மாற்றி அனுப்பும் பெட்டி அது. அது கெட்டாலும் இரண்டு எண்ணும் ஏறும். சிலர் அதைக் கழற்றி விற்றுவிடுகிறார்கள். பிறகு சோதனையில் தேறுவது கடினம்.

டீசல் வண்டியில் புகை கூடினால் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பாருங்கள். நாசில் என்பது டீசலைப் பூப்போலத் தெளிக்கும் பாகம். அது தேய்ந்தால் டீசல் தெளிக்காமல் சொட்டும். சொட்டு டீசல் எரியாமல் கரியாகும். இன்னொன்றும் உண்டு. "வண்டி நன்றாக இழுக்கட்டும்" என்று டீசல் பம்பின் சீலை உடைத்து அளவைக் கூட்டி வைப்பார்கள். அப்படிச் செய்தால் கரும்புகை கூடும். டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

கண்ணால் பார்க்கும் அடையாளங்கள்

கருவி இல்லாமலும் சில அடையாளங்களை நாமே பார்க்கலாம்.

கரும்புகை வந்தால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு.

நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. 2 ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் அதிகம் கலந்திருக்கலாம். 4 ஸ்ட்ரோக் வண்டியில் ரிங் தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப்புகை காலைக் குளிரில் சற்று நேரம் வந்தால் பயம் இல்லை. அது நீராவி. தண்ணீர் ஊற்றும் ரேடியேட்டர் உள்ள வண்டியில் சூடான பிறகும் அது வந்துகொண்டே இருந்தால், எஞ்சினுக்குள் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது.

சோதனைக்கு முன் செய்ய வேண்டியவை

1. சான்று முடிவதற்கு 15 நாள் முன்பே வேலையைத் தொடங்குங்கள். கடைசி நாளில் ஓடினால் பழுது பார்க்க நேரம் இருக்காது.

2. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. தட்டி ஊதலாம். மிகவும் அழுக்கானால் மாற்றிவிடுங்கள்.

3. பிளக்கைத் துடைத்து, இடைவெளியைச் சரிபாருங்கள். தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள்.

4. எஞ்சின் ஆயில் மாற்றும் நாள் கடந்திருந்தால் மாற்றுங்கள்.

5. சைலன்சரில் ஓட்டை இருந்தால் அடையுங்கள். ஓட்டை வழியாகக் காற்று கலந்தால் சோதனை சரியாக வராது.

6. 2 ஸ்ட்ரோக் வண்டிக்கு அதற்கென்றே உள்ள 2டி ஆயிலை மட்டும் கலக்குங்கள். பல வண்டிகளுக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் போதும். வண்டியோடு வந்த கையேட்டில் அளவு இருக்கும். "கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது" என்பார்கள். நம்பாதீர்கள். கூடுதல் ஆயில் நீலப்புகையாகப் போகும். உள்ளே கரியாகவும் படியும்.

7. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். அது குற்றம். எஞ்சினுக்கும் கேடு. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பிஸ்டனுக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டி வரும்.

8. சோதனை நாளில் கால் மணி நேரமாவது வண்டியை ஓட்டிக்கொண்டு போங்கள். குளிர்ந்த எஞ்சின் அதிகப் புகை விடும். நிலையத்தில் கூட்டம் இருந்து வண்டி ஆறிவிட்டால், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

தேறவில்லை என்றால்?

கலங்க வேண்டாம். 2021 முதல் நாடு முழுவதும் சான்று ஒரே வடிவில் வருகிறது. தேறாத வண்டிக்கு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும் என்றும் அப்போது விதி வந்தது. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. எந்த எண் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அதில் இருக்கும். மெக்கானிக்கிடம் அதைக் காட்டுங்கள். "வண்டியைப் பாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எதை எதையோ மாற்றுவார்கள். "சி.ஓ. கூடியிருக்கிறது. கார்புரேட்டரைப் பாருங்கள்" என்று சொன்னால் செலவு அடங்கும். எண்ணைப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது எளிதில்லை.

நிலையத்தின் கருவியிலேயே பழுது என்று தோன்றினால், வேறொரு நிலையத்திலும் சோதித்துப் பார்க்கலாம்.

பணம் கொடுத்து வாங்கும் சான்று

வண்டியைப் பார்க்காமலே சான்று கொடுக்கும் ஆட்கள் உண்டு. பெட்ரோல் அளவைத் திருகிக் குறைத்துவிட்டு, சோதனை முடிந்ததும் பழையபடி திருகி வைப்பவர்களும் உண்டு. வண்டிக்காரருக்கு அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் பழுது அப்படியே இருக்கும்.

கணக்குப் பாருங்கள். பழுதான ஆட்டோ ஒன்று நாளைக்கு அரை லிட்டர் பெட்ரோலை வீணாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் ஓடினால் 12.5 லிட்டர். 6 மாதத்தில் 75 லிட்டர். உங்கள் ஊர் விலையால் பெருக்கிப் பாருங்கள். ஒரு பிளக்கும் ஒரு ஃபில்டரும் அந்தப் பணத்தில் எத்தனை முறை வாங்கலாம்? பணம் கொடுத்து வாங்கிய சான்று இந்த நட்டத்தை நமக்குத் தெரியாமல் மூடி வைக்கிறது.

அது போலிச் சான்றாக இருந்தால் இன்னும் ஆபத்து. உண்மையான சான்று அரசுக் கணினியில் பதிவாகும். 'பரிவாகன்' என்ற அரசு இணையதளத்தில் வண்டி எண்ணும் சேஸி எண்ணின் கடைசி 5 எழுத்துகளும் கொடுத்தால் உங்கள் சான்று தெரியும். செல்போனிலேயே பார்க்கலாம். தெரியவில்லை என்றால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

15 ஆண்டு கடந்த வண்டி

சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால் 5 ஆண்டுக்குப் புதுப்பிப்பார்கள். அதற்கும் புகைச் சான்று வேண்டும். வாடகை வண்டிக்குத் தகுதிச் சான்று தனியாக உண்டு. முதல் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குப் பின் ஆண்டுதோறும். அங்கும் புகைச் சான்று கேட்பார்கள்.

தில்லி வட்டாரத்தில் விதி இன்னும் கடுமை. அங்கே காற்று மிகவும் கெட்டுப்போனது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. 2025இல் நீதிமன்றம் இதை மீண்டும் எடுத்து விசாரித்தது. தில்லிப் பக்கம் லோடு எடுத்துப் போகும் பழைய வண்டிக்காரர்கள் புறப்படும் முன் அங்குள்ள நடப்பு விதியைக் கேட்டறிந்து போவது நல்லது.

எல்லாப் பழைய வண்டியையும் காப்பாற்றிவிட முடியாது. ஃபில்டரும் பிளக்கும் கார்புரேட்டரும் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லையா? அப்படியென்றால் எஞ்சினுக்குள்ளேயே தேய்மானம் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்துப் போர் போட என்ன செலவாகும் என்று இரண்டு மெக்கானிக்குகளிடம் கேளுங்கள். வண்டியின் விலையைவிடச் செலவு கூடினால் யோசியுங்கள். 2021இல் மத்திய அரசு பழைய வண்டிகளைக் கழிக்கும் திட்டம் கொண்டுவந்தது. அனுமதி பெற்ற இடத்தில் வண்டியைக் கொடுத்தால் ஒரு சான்று தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் சாலை வரியில் சலுகை கிடைக்கும். சொந்த வண்டிக்கு 25 விழுக்காடு வரையும், வாடகை வண்டிக்கு 15 விழுக்காடு வரையும் சலுகை தரலாம் என்று விதி சொல்கிறது. உங்கள் மாநிலத்தில் எவ்வளவு என்று போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

பழைய வண்டி வைத்திருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட பழைய வண்டி, கவனிக்காமல் விட்ட பழைய வண்டியைவிடக் குறைவாகப் புகை விடும். மாட்டை வைத்திருப்பவர் அதன் சாணத்தைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிப்பார். வண்டி வைத்திருப்பவர் அதன் புகையைப் பார்க்கப் பழக வேண்டும். அடுத்த முறை சான்று வாங்கியதும் மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். விரித்துப் படியுங்கள். பழைய சீட்டோடு ஒப்பிடுங்கள். எண் ஏறியிருந்தால், வண்டி தேறியிருந்தாலும், மெக்கானிக்கைப் பாருங்கள்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டு வண்டி அல்லது பக்கத்து வீட்டு வண்டியின் புகைச் சான்றை எடுத்து வாருங்கள். அனுமதித்த அளவு எது? கண்ட அளவு எது? படித்துச் சொல்லுங்கள்.

2. அந்தச் சான்று எந்த நாளில் முடிகிறது? இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

3. ஒரு வண்டியில் நீலப்புகை வருகிறது. என்ன காரணமாக இருக்கலாம்?

4. உங்கள் ஊரில் சோதனை நிலையம் எங்கே இருக்கிறது? கட்டணம் எவ்வளவு? விசாரித்து எழுதுங்கள்.

5. பள்ளிக்கு முன்னால் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் வண்டிகள் எஞ்சினை நிறுத்துகின்றனவா? கவனித்து வந்து சொல்லுங்கள்.